தொண்ணூற்றொன்பதாம் தேதி

பிஷ்கெக்
நவம்பர் 5, 2018

தெமிர்குல்,

நானாக உனக்கு எழுதினால் ஒன்று மகள் விஷயம், இல்லை துல்பார் விஷயம். இது துல்பார் விஷயம், பதறாதே. பெகாயிம் நன்றாகத்தான் இருக்கிறாள். சாரி-கியா கணவாயின் பனி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது, இன்னும் சளிகூடப் பிடிக்கவில்லை.

புத்தாண்டுக்கு முன், நாம் இருவரும் சேர்ந்து செய்த எழுது மென்பொருளான துல்பாரின் புதிய பதிப்பை வெளியிடப் போகிறேன். விவாகரத்தின்போது வீடு எனக்கு, கார் உனக்கு, துல்பார் இருவருக்கும் என்று எழுதினோம். அதன் ஆரம்ப அமைப்பில் கை வைப்பதென்றால் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று பிடிவாதமாகச் சேர்த்தது நீ. பெற்ற மகளைப் பற்றிக்கூட நாம் அவ்வளவு கறாராக எழுதவில்லை. இப்போது அந்தக் கையெழுத்து எனக்கு வேண்டும்.

போன வாரம் தலாஸ் பக்கம் ஒரு கிராம அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கால்நடைக் கணக்கு எழுதும் ஒரு பெண், புதிதாக வந்தவள், துல்பாரைத் திறந்து நேராகத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். எழுத்து வரவில்லை. உனக்குத் தெரியாததா? நம் துல்பார் திறந்ததும் எழுத விடாது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளை. 'ஜ'வைத் தட்டிய பிறகுதான் எழுத விடும். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஆடுகளின் பேரை அடித்தாள், இரண்டு வரி குதித்தது, ஒரு பக்கம் அழிந்தது, திரை மேலே ஓடியது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நான் என்ன தப்பு பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலைம்மா."

"அப்புறம் ஏன் என்மேல கோவிச்சுக்குது?"

அதை உருவாக்கியதே நான்தான் என்று சொல்லாமல், 'ஜ'வைத் தட்டிக் காட்டிவிட்டு வந்தேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. திறந்தவுடன் எழுதலாம். எழுதியது தானாகச் சேமிக்கப்படும். வெளியே போவது எப்படி என்று அடியில் ஒரு வரி நிற்கும். பழைய முறையே வேண்டும் என்கிறவர்கள் ஒரு செட்டிங்கை மாற்றிக்கொள்ளட்டும். பழகியவனுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும். புதியவனுக்குத்தான் தெரியாது.

ஸபீரா

—

நாரின்
நவம்பர் 9, 2018

என் மதிப்புக்குரிய பைபிச்சே,

வீட்டுக்காரியை மரியாதையாக இப்படித்தானே கூப்பிட வேண்டும்? முன்னாள் என்றால் மரியாதை குறைந்துவிடுமா என்ன?

கையெழுத்துக் கிடையாது.

காரணம் வேண்டுமா? சாலைக் கட்டுப்பாட்டு அறையில் என் பக்கத்து நாற்காலியில் ஓமுர்கான் உட்கார்ந்திருக்கிறான். ஒரு காதில் வாக்கி-டாக்கி, இன்னொரு காதில் தொலைபேசி, கண் சுவரிலிருக்கிற வரைபடத்தில். கை மட்டும் துல்பாரில் தட்டிக்கொண்டே இருக்கும். அவன் திரையைப் பார்த்து நான் பார்த்ததில்லை. இருபது வருஷத்துப் பழக்கம் விரலில் இருக்கிறது, மூளையில் இல்லை. நீ பிஷ்கெக்கில் உட்கார்ந்துகொண்டு ஒரு நாள் காலையில் அந்த விரலுக்குக் கீழே தரையை உருவுவாய். அவன் ஒரு வரியை அழிக்கத் தட்டுவது அறிக்கைக்குள்ளேயே எழுத்தாக விழும். பனிப்புயலில், லாரிகள் மலைமேல் நிற்கும்போது! அந்த ஆட்டுக்காரிக்குப் பக்கம் அழிந்தால் இன்னொரு தரம் எழுதுவாள். இங்கே அழிந்தால் ஆள் போகும்.

புதியவன் ஒரு வாரம்தான் புதியவன். அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்கப் பழகியவன். ஒரு வாரத்துக்காக யாராவது வீட்டையே இடித்துக் கட்டுவார்களா?

துல்பாரிலிருந்து வெளியே வரத் தெரியாமல் விழிக்கிறவன் மறுநாள் ஆபீஸ் முழுக்கச் சம்சா வாங்கி வரவேண்டும். இந்த வழக்கம் இன்ஸ்டிட்யூட் காலத்திலிருந்து இருக்கிறது, ஆரம்பித்து வைத்ததே நீதான். ஆட்டிறைச்சியும் வெங்காயமும் ஒழுகுகிற நல்ல சம்சா. சிரிப்போம், சாப்பிடுவோம், கற்றுக்கொடுப்போம். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

நம் பெகாயிமைப் பார். சாரி-கியா அறிக்கை தினமும் காலையில் நேரம் தவறாமல், ஒரு பிழை இல்லாமல் வந்து விழுகிறது. அடியில் உன் உதவி வரி இல்லாமலேதான். எங்கள் அறையில் எல்லோரிடமும் காட்டினேன். "துல்பார் வயித்துல பொறந்த பொண்ணுப்பா அது" என்றான் ஓமுர்கான்.

தெமிர்குல்

—

பிஷ்கெக்
நவம்பர் 22, 2018

தெமிர்குல்,

பைபிச்சே என்று எழுதாதே. அந்தப் பதவியை நான் ராஜினாமா செய்து எட்டு வருஷம் ஆகிறது.

நீ பெருமைப்பட்ட அறிக்கைகளை நானும் எடுத்துப் பார்த்தேன். சாலைத் துறைத் தளத்தில்தான் எல்லோரும் பார்க்கிற மாதிரிக் கிடக்கிறதே. ஒரு மாதத்து அறிக்கையை அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். நீயும் படி.

பனி ஆழம், காற்று, குளிர், தேதி, இந்த எண்கள் மாறுகின்றன. வேறு ஒரு எழுத்துகூட மாறவில்லை. கடைசி வரி தினமும் 'வேறு குறிப்பு இல்லை'. போன பத்தாம் தேதி நிலையத்துக் குதிரை புயலில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. கீழே கிராமத்துக்கு விடுப்பில் வந்தபோது பெகாயிம் என்னிடம் தொலைபேசியில் அழாத குறையாகச் சொன்னாள். அன்றைய அறிக்கையிலும் 'வேறு குறிப்பு இல்லை' என்றுதான் இருக்கிறது.

அவளுக்கு எழுதத் தெரியவில்லை, தெமிர்குல். நேற்றைய அறிக்கையைத் திறந்து, எண்ணின் மேல் போய் நின்று, கூட்டல் விசையையும் கழித்தல் விசையையும் மட்டும் தட்டுகிறாள். கூட்டினால் எண் ஏறும், கழித்தால் இறங்கும். அந்த இரண்டு விசைகளையும் போட்டது நீயேதான், பொழுதுபோகாத ஒரு நாளில். அவளுக்கு ஒரு வார்த்தையைக்கூடப் புதிதாகச் சேர்க்க முடியாது. நாளைக்கு எண்ணில் சொல்ல முடியாத ஒன்றை அவள் மேலே பார்த்தால் என்ன செய்வாள்?

நம் பெண்ணுக்கே இந்த நிலை என்றால் இதற்குமேல் உனக்கு என்ன சாட்சி வேண்டும்? கையெழுத்துப் போடு.

ஸபீரா

—

நாரின்
டிசம்பர் 1, 2018

ஸபீரா,

மகளை வேவு பார்க்கிறாயா? அதுவும் என்னை ஜெயிப்பதற்காகவா?

விசாரித்தேன். நிலையத்தின் மூத்த கண்காணிப்பாளர் ஜுமாஷ் சொல்கிறார், "அது எங்க வழக்கம் தம்பி. நான் வந்த நாள்லேர்ந்து இப்படித்தான். எனக்கு முன்னாடி இருந்தவரும் இப்படித்தான். மேல எழுதுறதுக்கு என்ன பெரிய புராணமா இருக்கு? பனி எவ்வளவு, காத்து எவ்வளவு, முடிஞ்சுது." அந்த 'வேறு குறிப்பு இல்லை'யை யார் எழுதினார்கள் என்று அவருக்கே தெரியாது. ஆக இது அவள் தெரியாமல் செய்கிற காரியம் இல்லை, அந்த நிலையத்தின் முறை. நீதான் கண், காது, மூக்கு வைத்துவிட்டாய்.

இருந்தாலும் நேற்று ரேடியோவில் அவளையே கேட்டுவிட்டேன். அறையில் எல்லோரும் இருந்தார்கள்.

"பெகாயிம், துல்பார் பழகிருச்சா?"

"பழகிருச்சுப்பா."

"சம்சா பாக்கி எதுவும் இல்லையே?"

"இல்லப்பா."

போதுமா? எல்லோரும் கைதட்டினார்கள். என் மகளைத் துல்பார் தெரியாதவள் என்று இனிமேல் எழுதாதே. கையெழுத்து இல்லை.

தெமிர்குல்

—

பிஷ்கெக்
டிசம்பர் 3, 2018

எல்லோரும் கேட்க ரேடியோவில் கேட்டாயா! அட அறிவு கெட்ட மனிதா! வேறு என்ன பதில் சொல்வாள்? துல்பாரைச் செய்தவனின் மகள், மலை முழுக்கக் கேட்கும்படியாக, "எனக்கு ஒரு வரி எழுதத் தெரியலைப்பா" என்பாளா?

நானும் கேட்டேன். "நல்லா இருக்கும்மா" என்றாள், உடனே பேச்சை அடுப்புப் புகைக்கு மாற்றிவிட்டாள்.

முப்பதாம் தேதிக்குள் உன் கையெழுத்து வராவிட்டால் இந்தப் பதிப்பும் பழையபடியே வெளியே போகும். அடுத்தது எப்போது என்று எனக்கே தெரியாது. இனி உன் மனசாட்சி, உன் பாடு.

ஸபீரா

—

நாரின், கட்டுப்பாட்டு அறை
டிசம்பர் 28, 2018

ஸபீரா,

வேலையிலிருந்து மின்னஞ்சல் எழுதுகிறேன், இங்கே தொலைபேசி ஓயாமல் அடிக்கிறது. உடனே பார்.

முந்தாநாளிலிருந்து கணவாயில் புயல். சாலையை மூடியிருந்தோம். இன்று காலை வெளுத்துவிட்டது. கீழே தடுப்புக் கட்டைக்கு முன்னால் புத்தாண்டுக்கு ஊர் போகிறவர்கள், லாரிகள், இரண்டு பேருந்துகள். சாரி-கியா அறிக்கை வந்ததும் திறப்பதாக இருந்தது. ஜுமாஷ் பல்வலி என்று முன்பே இறங்கிவிட்டார். மேலே பெகாயிமும் அடுப்பு பார்க்கிற ஆளும் மட்டும்தான். ரேடியோ கம்பம் சாய்ந்துவிட்டது போல, குரல் இல்லை. கணினி மட்டும் காலையிலும் மதியமும் அறிக்கைக் கோப்பைத் தானாக அனுப்புகிறது.

வந்த அறிக்கையை அப்படியே தருகிறேன்:

தேதி 99. பனி ஆழம் 999. காற்று 99. குளிர் 99. வேறு குறிப்பு இல்லை.

அறை முழுக்கச் சிரிப்பு. "பைகே, உங்க பொண்ணு சம்சா வாங்கணும்" என்று அண்ணன் முறை வைத்துக் கேலி செய்தான் ஓமுர்கான். நானும் சிரித்தேன். துணைத் தலைவர் இஸ்கெந்தர் விதிப்புத்தகத்தை எடுத்தார். பழைய குறிமுறையில் 999 என்றால் அளவுகோல் பழுது என்று பொருள். அப்படி வந்தால் முந்தைய நாள் அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். முந்தைய நாள் அளவின்படி சாலையைத் திறக்கலாம். "தொறந்து விடுங்க பைகே, சனம் குளிர்ல நிக்குது" என்றார்.

திறக்கக் கை போனது. அப்போதுதான் உன் கடிதம் நினைவுக்கு வந்தது.

பனிக்கோல் உடையலாம், காற்றுமானியும் உடையலாம். தேதி எப்படி உடையும்? தேதி அளக்க எந்தக் கருவியும் வேண்டாமே, ஸபீரா. இருபத்தெட்டை அவள் ஏன் தொண்ணூற்றொன்பது ஆக்க வேண்டும்?

அவளால் ஏற்ற முடிந்த எல்லா எண்ணையும் ஏற்றி வைத்திருக்கிறாள். கத்துகிறாள் என்று தோன்றுகிறது. எனக்கு அப்படித் தோன்றுகிறதா, இல்லை நீ எழுதியதால் தோன்றுகிறதா? விசையின் மேல் ஏதாவது விழுந்து அழுத்தியிருந்தால்? சும்மா மூடி வைத்தால் என் வேலை போய்விடும், போகட்டும். திறந்தால்?

நீ என்ன நினைக்கிறாய்? சீக்கிரம் சொல்.

தெ.

—

பிஷ்கெக்
டிசம்பர் 28

திறக்காதே.

ஏதாவது விழுந்து அழுத்தியிருந்தால் ஒரே ஒரு எண்தான் ஏறியிருக்கும். நாலு எண்ணுக்கும் ஒவ்வொன்றாகப் போய் நிற்க வேண்டும். கை வைத்து, யோசித்துச் செய்திருக்கிறாள். அவளிடம் இருப்பது அந்த ஒரு விசைதான். அதை வைத்துக்கொண்டு கூப்பிடுகிறாள்.

திறக்காதே தெமிர்குல். அவளுக்கு என்ன ஆயிற்று என்று யாரையாவது மேலே அனுப்பு. சாலை வழியாக வேண்டாம்.

ஸ.

—

நாரின்
டிசம்பர் 28

திறக்கவில்லை. மறுக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இஸ்கெந்தர் மேலிடத்துடன் பேசிக்கொண்டிருக்கிறார். அவர்கள் சொன்னால் என்னை எழுப்பிவிட்டு ஓமுர்கானை உட்கார வைப்பார்கள். ஓமுர்கானிடம் கேட்டேன், "நீ தொறப்பியா?" என் முகத்தைப் பார்க்காமல், "எனக்குத் தெரியாது பைகே, உங்க பொண்ணு" என்றான்.

கீழே ஓட்டுநர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். தடுப்புக் கட்டைக் காவலன் சொல்கிறான், ஒரு லாரிக்காரன் இறங்கி வந்து, "வானம் கண்ணாடி மாதிரி இருக்கு, எந்த மடையன்யா மூடி வச்சிருக்கான்?" என்று கேட்டானாம். மடையன் நான்தான் என்று சொல்லச் சொன்னேன்.

பனிச்சறுக்குக் கட்டைகளோடு இரண்டு மீட்பு ஆட்கள் முகட்டு வழியாகப் போயிருக்கிறார்கள். இன்னும் தகவல் இல்லை. மதிய அறிக்கை வந்தது, அதே ஒன்பதுகள். உயிரோடு இருக்கிறாள், இல்லையா? யாராவது இருந்தால்தானே... ஐயோ, கோப்பு தானாகப் போகும். அதை அப்படி அமைத்ததும் நான்தான்.

தொலைபேசி அடிக்கிறது. எடுக்கப் போகிறேன்.

தெ.

—

பிஷ்கெக்
டிசம்பர் 28

அறிக்கையைத் திறந்து பார். தேதி 99தானே? காலையில் குளிர் 99. மதியத்தில்?

நான் பார்த்துவிட்டேன். 98. ஒன்றைக் குறைத்திருக்கிறாள். கோப்பு தானாகப் போகும், எண் தானாகக் குறையாது.

இருக்கிறாள். நாற்காலியை விட்டு எழுந்துவிடாதே.

ஸ.

—

நாரின்
டிசம்பர் 30, 2018

ஸபீரா,

தொலைபேசியில் நீ அழுததில் பாதி எனக்குக் கேட்கவில்லை, நான் அழுததில் பாதி உனக்குக் கேட்டிருக்காது. அதனால் எழுதுகிறேன்.

அன்று வெயில் சாயத் தொடங்கியபோது மூன்றாம் வளைவுக்கு மேலே இருந்த சரிவு மொத்தமாக இறங்கியது. சாலையே இல்லை, ஆற்றுப் பக்கம் வரைக்கும் வெள்ளைக் குவியல். கீழே ஒரு ஈ காக்கை இல்லை. அந்த லாரிக்காரன் கட்டைக்குப் பக்கத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெகுநேரம் நின்றானாம். இஸ்கெந்தர் வந்து என் தோளில் கை வைத்தார்.

நேற்று மீட்பு ஆட்கள் அவளைக் கீழே கூட்டிவந்தார்கள். கன்னம் காற்றில் வெடித்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. சூடான லக்மான் நூடுல்ஸ் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். அப்புறம் சொன்னாள்.

அன்று காலையில் சரிவின் உச்சியில் நீளமாக ஒரு விரிசலைப் பார்த்திருக்கிறாள். ஓடிவந்து துல்பாரைத் திறந்து, 'விரிசல், சாலையை மூடுங்கள்' என்று அடித்திருக்கிறாள். "முதல் எழுத்துக்கே மூணு வரி போயிடுச்சுப்பா. ரெண்டாவதுக்குத் திரையே காலி. என்னமோ கேக்குது, ஆமாவா இல்லையான்னு. எதுக்கு ஆமான்னு எனக்கென்ன தெரியும்? மெஷினையே நிறுத்திட்டுத் திரும்பப் போட்டேன். நேத்து அறிக்கை மட்டும் திரும்ப வந்துச்சு. மறுபடியும் தொட்டா அதுவும் போயிடும்னு பயம். கூட்டல் மட்டும்தான் எனக்குத் தெரியும். அதையே அழுத்தினேன். யாராவது பைத்தியம்னு நெனச்சாவது கேப்பீங்கன்னு." மதியம் ஒன்றைக் குறைத்தது, நிலையத்தில் ஆள் இருக்கிறது என்று நாங்கள் தெரிந்துகொள்ளத்தான்.

நான் கேட்டேன், "ஏம்மா, இத்தனை நாள்ல என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? சம்சாவுக்கு வெக்கப்பட்டியா?"

கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"சம்சா வாங்கிப் போட்டிருப்பேன்பா. உங்ககிட்ட கேட்டா அம்மா ஜெயிச்சதா ஆயிடும். அம்மாகிட்ட கேட்டாலும் அம்மாதான் ஜெயிப்பாங்க. கேக்காம இருந்தா நீங்க ஜெயிப்பீங்க. நான் என்ன பண்ணாலும் உங்க சண்டையில ஒரு சாட்சி. எட்டு வருஷமா அதுதான் என் வேலை. இது ஒண்ணுலயாவது சாட்சியா இருக்க வேண்டாம்னு நெனச்சேன்."

கிண்ணத்தை எடுத்துக் கழுவி வைத்தேன். அவள் சொன்னது சரிதான். உனக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே அவளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியவன் நான்.

கையெழுத்து இத்துடன் வருகிறது. எந்த நிபந்தனையும் இல்லை. ஓமுர்கானின் விரல்களை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு நாற்காலியாகப் போய் அவர்கள் செட்டிங்கை நானே மாற்றிவைக்கிறேன். பழகியவர்களிடம் நடந்து போக என்னால் முடியும். எங்கோ ஒரு மலைமேல் தனியாக உட்கார்ந்திருக்கிற புதியவரிடம் என்னால் போக முடியாது.

தெமிர்குல்

—

பிஷ்கெக்
ஜனவரி 17, 2019

அபிஷ்கா,

கிழவா என்று நான் உன்னைக் கூப்பிட்டு நாளாகிறது. பெரிதாக அர்த்தம் பண்ணிக்கொள்ளாதே.

புதிய பதிப்பு போய்ச் சேர்ந்துவிட்டது. வசவுக் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. உன் பங்கையும் நானே வாங்கிக்கொள்கிறேன். தலாஸ் பெண் மட்டும் ஒரு வரி எழுதியிருந்தாள்: "இப்ப கோவிச்சுக்கல."

நீ எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். அவளை முதலில் கூண்டில் ஏற்றியது நீ. உண்மையைத் தெரிந்துகொண்டே ஏற்றியது நான். அவளுக்கு எழுதத் தெரியவில்லை என்று எனக்குத் தெரிந்த அன்றே அவளுக்கு அல்லவா சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்? நான் உனக்குக் கடிதம் எழுதினேன். உன்னை மடக்க நல்ல சாட்சி கிடைத்ததே என்று உள்ளூரச் சந்தோஷமும் பட்டேன்.

இன்று காலை நாரின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்த சாலை அறிவிப்பைப் பார்த்தேன். எடுத்த எடுப்பில் ஒரு 'ஜ', அதற்கப்புறம்தான் 'சாலை திறந்துள்ளது'. எல்லோர் செட்டிங்கையும் மாற்றிக் கொடுத்தவன் தன்னுடையதை மறந்துவிட்டாய் போலிருக்கிறது. சம்சா வாங்கிக் கொடுத்தாயா? ஓமுர்கானுக்கு இரண்டு கொடு.

சாரி-கியா அறிக்கையும் வந்திருக்கிறது. எண்களுக்குக் கீழே அந்தக் கடைசி வரி இல்லை. அங்கே இப்படி இருக்கிறது:

'குறிப்பு: மேற்குச் சரிவில் காற்று கொண்டுவந்த புதுப் பனி. விரிசல் இல்லை. குதிரை கிடைத்துவிட்டது, கீழ்க் கிராமத்தில் யாரோ கட்டிப் போட்டுத் தீவனம் வைத்திருக்கிறார்கள். அடுப்பு இன்னும் புகைகிறது. ஜுமாஷ் அவர்களுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தாகிவிட்டது, இனி அவர் முறையில் அறிக்கை நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளவும். நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா என்று நாரினிலிருந்தும் பிஷ்கெக்கிலிருந்தும் தனித்தனியாகக் கேட்க வேண்டாம். தினமும் இங்கேயே எழுதுகிறேன். இரண்டு பேரும் படித்துக்கொள்ளலாம்.'

சாலைத் துறை மொத்தமும் இதைப் படித்திருக்கும். நான் மூன்று தரம் படித்தேன். நீயும் படித்திருப்பாய்.

ஸபீரா